நாலாம் நம்பர் பூட்ஸ்

அடி கழன்றதற்கு நான் காரணமில்லை சார். நாற்றத்துக்கு வேண்டுமானால் நான்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். மீன் எண்ணெய். ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். பையை உங்கள் காலடியில் தள்ளியது கண்டக்டர், நான் இல்லை. இதோ, இந்தப் பக்கம் நகர்த்திவிட்டேன்.

எட்டிப் பார்த்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். பூட்ஸ்தான். மலை ஏறுகிற தோல் பூட்ஸ். மலை என்றால் ஏலகிரி இல்லை, பனி மலை. இடதுகால் முழுசாக இருக்கிறது. வலதுகாலுக்கு மேல்தோல் தனி, அடி தனி. அந்த அடி அங்கே பனியில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது, என் அக்கா மட்டும் அதிலிருந்து மேலே வந்துவிட்டாள். சிரிப்பு வருகிறது இல்லையா? வீட்டில் சொன்னபோது எனக்கும் வந்தது. அப்புறம் அக்கா சாக்ஸைக் கழற்றினாள்.

சத்துவாச்சாரியில் இறங்க வேண்டும். அதுவரை நேரம் இருக்கிறது. நீங்கள் மெட்ராஸா? சரி.

என் பேர் நெகேமியா. பைபிளில் இருக்கிற பேர். பள்ளிக்கூடத்தில் மியாவ் என்று கூப்பிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் கணக்கு. மியாவ் இல்லை, வேறு எதுவும் இல்லை, கணக்கு. எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது சித்தப்பா கடையில் நிற்கிறேன். ஆம்பூரைத் தாண்டும்போது ரோட்டோரம் வரிசையாக ஷூ கடை பார்த்திருப்பீர்கள், வெளிநாட்டுக்குப் போகாமல் கழித்துப்போட்ட ஷூ. அதில் ஒன்று. பிரியாணியைப் பற்றிக் கேட்காதீர்கள், அதையும் எல்லாரும் கேட்கிறார்கள்.

எங்கள் அப்பா டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். முப்பது வருஷம். கட்டை விரலால் ஒரு அழுத்து, இரண்டு விரலால் ஒரு மடிப்பு, அவ்வளவுதான். இது ஒன்று, இது மூன்று, இது கழிவு. எங்கள் ஊரில் தோலைப் பற்றி ஒரே கேள்விதான் கேட்பார்கள், கை எப்படி இருக்கிறது. கை என்றால் தொட்டதும் தெரிகிற மெத்து. வெண்ணெய் மாதிரி இருந்தால் நல்ல தோல். அட்டை மாதிரி இருந்தால் மட்டமான தோல். இது எனக்கு அஞ்சு வயசிலேயே தெரியும். பனி மலையில் இருக்கிற ஒரு ஆள் எனக்குத் தோல் தெரியாது என்று சொல்கிறான் சார். அவன் ஒரு டேனரியை வாசலில் நின்றாவது பார்த்திருப்பானா?

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

அக்கா பேர் எப்சிபா. வேலூரில் பெண்கள் காலேஜில் கடைசி வருஷம், ஹாஸ்டல். என்.சி.சி.யில் இருந்தாள். இந்தப் பக்கத்துக் காலேஜ்களுக்கெல்லாம் சேர்த்து மலையேற்றப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் வந்தது, அது அவளுக்குக் கிடைத்தது. வடக்கே, இருபத்தெட்டு நாள். முடித்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு வந்தால் ஏலகிரியில் ஒரு சாகச முகாமில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு அதுதான் எல்லாம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ராணிப்பேட்டைப் பையன், கெமிக்கல் கம்பெனி, ஞாயிறு தவறாமல் சர்ச். அக்கா அம்மாவிடம் ஒன்றுதான் சொன்னாள், ஜூன் முடியட்டும், சான்றிதழோடு வந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடு, வராவிட்டால் நீ சொல்கிற ஆளுக்குத் தலையை ஆட்டுகிறேன். அம்மா சரி என்றாள். அம்மா பேச்சு மாற மாட்டாள். அதுதான் இப்போது பிரச்சினை.

அங்கே பூட்ஸ் கொடுப்பார்கள். ஆனால் பெரிய கால்களுக்குத்தான் இருக்கும், சின்னக் கால்காரர்கள் சொந்தமாகக் கொண்டுவரவும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. அக்கா கால் நாலாம் நம்பர். ஊர் முழுக்க ஷூ, லட்சக்கணக்கில் தைக்கிறார்கள், பனியில் போடுகிற மாதிரி நாலாம் நம்பர் ஒரு ஜோடி கிடையாது. அப்போதுதான் காலேஜில் விளையாட்டுக்குப் பொறுப்பான கனகவல்லி மேடம் தன்னுடைய பூட்ஸைக் கொடுத்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் பனி மலை ஏறினவர்கள். யாரோ வெள்ளைக்காரப் பெண் கொடுத்துவிட்டுப் போனதாம். பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தார்களாம், இருபது வருஷமாக.

இருபது வருஷம் சார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குப் பரீட்சை. முடிந்த மறுநாளே ரயில். அதனால் ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு பூட்ஸை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு டப்பாவில் தேன்மெழுகு, அப்புறம் மேடம் எழுதிக் கொடுத்த ஒரு தாள்.

"இதுல எழுதியிருக்கறத மட்டும் செய் நெகா. உன் அறிவெல்லாம் வேணாம்" என்றாள்.

அந்தத் தாள் இதோ, என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. முத்து முத்தான எழுத்து. லேஸைக் கழற்று, உள்ளே இருக்கிற அட்டையை எடு. பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போட்டுத் தூசியைப் போக்கு. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணி, நிழலில் காயவை, தாள் ஈரமானால் மாற்று. வெயிலில் வைக்காதே, அடுப்பருகே வைக்காதே. லேசாக ஈரம் இருக்கும்போதே மெழுகை விரல் சூட்டில் தேய். தையல்மேல் இரண்டு தடவை, பூட்ஸ் நாக்கின் மடிப்பை மறக்காதே. எண்ணெய் வேண்டாம். அந்த 'எண்ணெய் வேண்டாம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அப்புறம் கடைசியில் ஒன்று இருக்கிறது, அது தோல் சம்பந்தப்பட்டது இல்லை, அதை விடுங்கள்.

முதல் பாதியை எழுத்து பிசகாமல் செய்தேன். பழைய டூத்பிரஷ் வைத்து லேஸ் ஓட்டை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். தையல் இடுக்கில் மலை மண் இருந்தது, வெள்ளையாக, இருபது வருஷத்து மண். அதை ஊசியால் எடுத்தேன். செய்தித்தாள் மூன்று தடவை மாற்றினேன். சித்தப்பா கடையில் என்னைச் சோம்பேறி என்று சொல்வார், அவர் வந்து பார்த்திருக்க வேண்டும்.

காய்ந்தபிறகு கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். கட்டை சார். கதவு மாதிரி இருந்தது. அப்பாவின் விரலில் வைத்தால் கழிவு என்று தூர எறிந்திருப்பார். இதைப் போட்டுக்கொண்டு என் அக்கா இருபத்தெட்டு நாள் நடக்க வேண்டுமா? குதிகால் என்னத்துக்கு ஆகும்? நீங்களே சொல்லுங்கள். புது ஷூ கடித்தால் எங்கள் கடையில் என்ன செய்வோம்? மிருதுவாக்கிக் கொடுப்போம். அது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மெழுகு என்பது மேலே பூசுவது, பவுடர் மாதிரி. தோலுக்கு உள்ளே போக வேண்டியது எண்ணெய். மேடம் மலை ஏறினவர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஊர் தஞ்சாவூர். தோலுக்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?

டேனரியில் தோலை டிரம்மில் போட்டுச் சுற்றும்போது ஒரு எண்ணெய் ஊற்றுவார்கள், மீன் எண்ணெயில் செய்தது. அதில்தான் அட்டை மாதிரி இருக்கிற தோல் வெண்ணெய் ஆவது. முதஸ்ஸிர் என்று என்னோடு படித்தவன், தன் மாமாவின் டேனரியில் இருக்கிறான். அவனிடம் தண்ணி பாட்டிலில் அரை லிட்டர் கேட்டேன். எதற்கு என்றான். சொன்னேன். அவன் பாட்டிலைக் கொடுக்காமல் பின்னால் வைத்துக்கொண்டான்.

"டேய், இது டிரம்முல ஊத்தறது. தச்சு முடிச்ச பூட்ஸுக்கு எவனாவது ஊத்துவானா? லூசா நீ?"

அவன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம்தான். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று சாயங்காலம் தேய்த்தேன். துணியில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க அது குடித்துக்கொண்டே இருந்தது. இருபது வருஷத் தாகம். அரை லிட்டரும் உள்ளே போனது. அம்மா நாற்றம் தாங்காமல் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஆனால் எண்ணெய் உள்ளே போனதே தவிர மேலே பிசுபிசுப்பு போகவில்லை. தொட்டால் கை வழுக்கியது. அதனால் மொட்டை மாடியில் தகரத்தின்மேல் வைத்தேன்.

தெரியும், வெயிலில் வைக்காதே என்று எழுதியிருந்தது. அரை மணி நேரம்தான் வைக்க நினைத்தேன். கடையில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், பெங்களூர்க்காரர்கள், ஒவ்வொருத்தரும் பத்து ஜோடி போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனார்கள். திரும்பி வர நாலு மணி ஆகிவிட்டது. மே மாசம். ஆனால் பாருங்கள், நான் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. வெயிலில் எண்ணெய் எல்லாம் இழுத்துக்கொண்டு தோல் பளபள என்று இருந்தது. அடியில் ஓரமாகக் கொஞ்சம் பொடி உதிர்ந்திருந்தது, மஞ்சளாக, ரஸ்க் தூள் மாதிரி. தகரத்தின் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். ஆம்பூர் வெயில் எல்லார் மேலும்தான் அடிக்கிறது, எல்லார் செருப்பும் கழன்றா விழுகிறது?

மெழுகும் பூசினேன். பூசாமல் இல்லை. ஆனால் எண்ணெய்க்குமேல் அது ஒட்டவில்லை, தேய்த்தால் திரண்டு திரண்டு வந்தது. தையல்மேல் ஒரு தடவை வைத்தேன், மிச்சத்தை இந்தப் பையின் ஜிப்புக்குப் போட்டேன். ஜிப் எவ்வளவு லேசாகப் போகிறது பாருங்கள். நல்ல மெழுகு.

அப்புறம் சோதனை. பெரிய பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, வாசலில் வைத்து, பூட்ஸ் இரண்டையும் கணுக்கால் வரை முக்கி, மிதக்காமல் இருக்க உள்ளே ஆளுக்கொரு அம்மிக்குழவி. முக்கால் மணி நேரம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எடுத்து உள்ளே கை விட்டால் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டு ஆள் கை விட்டுப் பார்த்தார், போஸ்ட்மேன் கை விட்டுப் பார்த்தார். தண்ணீர் புகக்கூடாது என்பதுதானே விஷயம்? புகவில்லை. இன்றைக்கும் புகாது. அடி இல்லாவிட்டாலும் மேலே புகாது.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கட்டை விரலால் அழுத்தினார், கணுக்கால் பக்கத்தை மடித்தார். அது அப்படியே மடிந்தது, துணி மாதிரி. என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இது கையுறைக்கு ஆகும்டா" என்றார்.

எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது சார். கையுறைத் தோல்தான் தோலிலேயே மேல். என்னைப் பற்றி அப்பா அதற்கு முன்னால் நல்ல வார்த்தை சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் முதஸ்ஸிருக்குப் போன் போட்டுவிட்டேன்.

டோல்கேட்டா? பள்ளிகொண்டா. இங்கே பத்து நிமிஷம் நிற்பான். வேர்க்கடலை வேண்டுமா? வேண்டாமா, சரி.

அக்கா ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒரு தடவை போன் செய்வாள். பூட்ஸ் எப்படி இருக்கு என்பாள். சூப்பரா இருக்கு என்பேன். தாள்ல இருக்கறபடி பண்ணியா என்பாள். அதைவிட நல்லா பண்ணியிருக்கேன் என்பேன். கடைசி வாரம் ஒன்று கேட்டாள், கடைசி வரி செஞ்சியா என்று. பூட்ஸ்ல ஒரு பிரச்சினையும் இல்ல, நீ படி என்றேன். அது பொய் இல்லை. நான் பொய் சொல்ல மாட்டேன், அதனால்தான் எனக்கு யாரோடும் ஒத்துப்போவதில்லை. எனக்குத் தெரிந்த அளவில் ஒரு பிரச்சினையும் இல்லை, அதைத்தான் சொன்னேன்.

கடைசி வரியா? வருகிறேன் சார். இருங்கள்.

கிளம்புகிற நாள் வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்தாள். கடிக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் சந்தோஷம்தான். "பஞ்சு மாதிரி இருக்குடா" என்று என் தலையில் தட்டினாள். காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து எங்கேயோ கீழே இறங்கி வந்து பேசினாள். கல்லில் நடக்கும்போது கணுக்கால் நிற்க மாட்டேன் என்கிறது, இரண்டு பக்கமும் மடங்குகிறது என்றாள். லேஸை இறுக்கிக் கட்டு என்றேன். அடியில் ஓரமாக வாய் திறந்தாற்போல் இருக்கிறது என்றாள். பசை வாங்கிப் போடு என்றேன். அங்கே பசை எங்கே கிடைக்கும் என்றாள். ஷூ கடையே இல்லாத ஊருக்கு எதற்குப் போனாய் என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான்.

அங்கே பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் ஒருநாள் அவள் பூட்ஸைக் கையில் வாங்கி இரண்டாக மடித்துப் பார்த்தாராம். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால். மலை பூட்ஸ் மடியக்கூடாதாம். கட்டையாக இருந்தால்தான் கணுக்காலைப் பிடிக்குமாம், பனியில் முனையால் உதைத்து நிற்க முடியுமாம். யார் இதை இப்படி ஆக்கியது என்று கேட்டாராம். தம்பி என்றிருக்கிறாள். தம்பி என்ன வேலை என்றால், தோல் வேலை, எங்கள் ஊரே தோல் ஊர் என்றிருக்கிறாள். அந்த ஆள் சிரித்தாராம். இதைக் கேட்டு எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை சார். வெண்ணெய் மாதிரித் தோலைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவன் அழ வேண்டும்.

அக்காவாவது அவர் பேச்சைக் கேட்டு நின்றிருக்கலாம். அவள் நிற்கவில்லை. மாற்றுப் பூட்ஸ் இருந்தது ஆறாம் நம்பர், அதில் கால் கப்பலில் இருக்கிற மாதிரி ஆடியதாம். இதையே கணுக்காலில் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு போனாள். இன்னும் பத்து நாள்தான், ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

பனிக்கட்டிமேல் நடக்க, இரும்பு முள் வைத்த தட்டு ஒன்றை அடியின் விளிம்பில் கவ்வுகிற மாதிரி மாட்டுவார்கள். அன்றைக்குச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தாள். வலதுகாலை உதைத்து முள்ளைப் பனியில் பதித்திருக்கிறாள். அடுத்த எட்டு வைக்கக் காலைத் தூக்கினால் கால் லேசாக வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் முள்ளும் அடியும் அங்கேயே நிற்கின்றன. அக்கா கால் சாக்ஸோடு, மேல்தோலுக்குள், அடி இல்லாமல். பனியில் அப்படியே வைத்திருக்கிறாள், வேறு எங்கே வைப்பது? இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள், அதனால் விழவில்லை. கீழே கூடாரத்துக்கு வர நாலு மணி நேரம். சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தாளாம்.

அதற்கு நான் காரணமில்லை. இதை மேடமே போனில் அக்காவிடம் சொன்னார்களாம். தோலுக்கும் அடிக்கும் நடுவில் நுரை மாதிரி ஒரு அடுக்கு இருக்கிறது. பீரோவிலேயே வருஷக்கணக்காக வைத்தால் அது தானாகவே பொடியாகிவிடுமாம். வெளியே பார்த்தால் தெரியாதாம். அப்படியென்றால் இருபது வருஷம் பீரோவில் வைத்தது யார்? நானா? ஆனால் அந்த மாஸ்டர் என்ன சொன்னார், எண்ணெய் பட்டால் ஒட்டின பசை விட்டுப்போகும், சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் போகும் என்றாராம். எல்லாரும் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள்.

அதோடு அவளைக் கீழே அனுப்பிவிட்டார்கள். விரல் கறுத்திருந்தது, மருத்துவர் ஏற விடவில்லை. சான்றிதழ் இல்லை. 'பயிற்சி முழுமை பெறவில்லை' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ரயிலில் மூன்று நாள், ரப்பர் செருப்போடு வந்தாள்.

அப்போதுதான் நான் சிரித்தது. அடி மட்டும் பனியில் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சாக்ஸைக் கழற்றினாள். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுப்பு. பெருவிரலில் நகம் இல்லை. அம்மா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து ராணிப்பேட்டைப் பையன் போட்டோவை எடுத்து டிவிமேல் வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள், எடுத்து வை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். இந்த ஞாயிறு.

என்னை அவள் திட்டவே இல்லை. திட்டினால் பதில் சொல்லியிருப்பேன், எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒரு நாளாவது போனியாடா?"

நான் தோல் எவ்வளவு எண்ணெய் குடித்தது, பக்கெட்டில் ஒரு சொட்டு புகவில்லை என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்தபிறகு பூட்ஸையும் அந்த அடியையும் இந்தப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

"மேடம் வீட்ல நீயே கொண்டுபோய்க் குடு. என்ன பண்ணின, என்ன பண்ணலன்னு உன் வாயால சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

அதற்குத்தான் சார் போய்க்கொண்டிருக்கிறேன். சத்துவாச்சாரி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம்.

கால் காட்டவா? பாருங்கள். என்ன நம்பர் இருக்கும்? சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நாலு. பதினேழு வயசு, மீசை வந்தாகிவிட்டது, கால் நாலாம் நம்பர். ஊரே ஷூ தைக்கிற ஊரில் பிறந்து கால் நாலு. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு பெரிய லீவில் ஷூ கம்பெனியில் மாமாவைப் பார்க்கப் போனேன். மாதிரி ஷூ தைக்கிற இடத்தில் ஒரு சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, தம்பி கால் சரியாக இருக்கிறது என்று ஒரு லேடீஸ் ஷூவை மாட்டி நடக்கச் சொன்னார். குதி உயரமாக வைத்தது. அங்கே என் வகுப்புப் பையன் ஒருத்தனின் அம்மா மிஷினில் இருந்தார்கள். அவ்வளவுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் என் ஷூவைக் கழற்றி வகுப்பு முழுக்க எறிந்து விளையாடினார்கள். அப்புறம் தினமும். ஆனால் நான் நின்றது கணக்கினால். அதைக் கலக்காதீர்கள்.

வேலூர் வந்துவிட்டது. பாலம் ஏறிவிட்டான்.

பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது சார். பஞ்சு மாதிரி. ஒரு நாள் விடியற்காலையில் போட்டு லேஸ் கட்டினேன். சிவப்பு லேஸ். தெருக்குழாய் வரை நடந்தேன். எங்கள் ஊர் மலையடியில் காலையில் பையன்கள் எல்லாம் ஓடுவார்கள், போலீஸ் வேலைக்கு உடம்பைத் தயார் செய்கிறவர்கள், பாதிப் பேர் என் வகுப்பு. அவர்கள் கும்பலாக வருகிற சத்தம் கேட்டது. அப்போது கடையில் ஒரு வேலை இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் வேலை இருந்தது.

கண்டக்டர் என்னைத்தான் பார்க்கிறார். சத்துவாச்சாரி சத்துவாச்சாரி என்று இரண்டு தடவை கத்திவிட்டார். இல்லை அண்ணே, நான் இல்லை, நீங்கள் போங்கள். விடுங்கள் சார், ரத்னகிரியில் இறங்கித் திரும்பி வந்துகொள்ளலாம். மேடம் எங்கேயும் போய்விட மாட்டார்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வரலாம்.

கடைசி வரிதானே கேட்டீர்கள்? இந்தாருங்கள் தாள். கீழே, மடிப்புக்கு அந்தப் பக்கம். எண்ணெய்க்கறை படிந்திருக்கிறது, ஆனால் தெரியும். சத்தமாகப் படிக்காதீர்கள். சரி, கொடுங்கள், எனக்கு மனப்பாடம்தான்.

'கடைசியாக, மறக்காமல்: இது பழைய பூட்ஸ். வெளியே பார்த்து நம்ப முடியாது. உன் காலும் அக்கா காலும் ஒரே அளவாமே. அவளுக்குப் பரீட்சை. அதனால் நீ தினமும் காலையில் இதைப் போட்டுக்கொண்டு உங்கள் ஊர் மலையில் ஏறி இறங்கு, பத்து நாள். அடி கழன்று விழுவதாக இருந்தால் அங்கேயே விழட்டும்.'

பத்து நாள். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை.